மஞ்சள் பென்சிலில் எழுதிய விடை

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி நூல்கள் அச்சாகின்றன. தாள் வெட்டுவது என் வேலை. கட்டுக்கட்டாகத் தாள் கையைக் கடந்து போகும்போது, கேள்விகளின் கடைசியில் நிற்கும் சொற்களை மட்டும் படித்துக்கொள்வேன். விளக்குக. ஒப்பிடுக. காரணம் கூறுக. அவற்றைப் பார்த்தால் இந்த வயதிலும் வயிற்றுக்குள் சின்னதாக ஒரு குளிர் ஓடும். பயம் இல்லை அது. பெரிய கோவிலுக்குள் முதல் தடவை நுழைந்து அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு வருமே, அது.

அச்சகத்துக்கு மேல்மாடியில் டியூஷன் நிலையம். படிக்கட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடும் பிள்ளைகளே, உங்களில் ஒருத்தி போன வாரம் முகம் வாடி இறங்கி வந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "எனக்குப் பதில் தெரியும் அங்கிள், கேள்விதான் தெரியல" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப்போலத் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்குப் படிக்க வந்து, இன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகளே, நீங்களும் படியுங்கள். நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டிய கதைதான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா குலை வெட்டுபவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே எல்லாப் பாடமும் மலாயில். அதனால் என்னைப் போன்றவர்கள் படிவம் ஒன்றுக்குப் போகும் முன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். மலாயை வயிறு நிறைய ஊட்டி அனுப்புவதற்கென்றே ஒரு வருஷம்.

என்னைச் சேர்த்துவிட்டு வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார். "இந்த வருசம் தேறுனா மேல படி. தேறலேன்னா லோரிதான். கிள்ளான்ல தவுக்கேகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

தவுக்கே என்றால் சீன முதலாளி. எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றி இறக்க அவருடைய லோரிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பா அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை, வெயில் அடித்தால் தொப்பி என்பது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த லோரியை ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் கண் அதன் பின்னாலேயே போகும். பின்னால் தொற்றிக்கொண்டு நிற்பவரின் பனியன் எந்நேரமும் கருப்பாக இருக்கும். அது கடையில் வாங்கியபோது வெள்ளை என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

ஆனாலும் தேறிவிடுவேன் என்றே நினைத்தேன். எனக்குத்தான் மலாய் தெரியுமே!

எங்கள் தோட்டத்தில் என் அளவுக்கு மலாய் பேசுகிற பிள்ளை கிடையாது. கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்துப் பையன்களோடு பந்து விளையாடுவேன். ஆற்றங்கரையில் மீன் விற்கிறவரிடம் பேரம் பேசி இறால் வாங்குவேன். அம்மா கிள்ளானில் தபால் நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். "என் மவன் வாயத் தொறந்தா மலாய்க்காரங்களே திரும்பிப் பாப்பாங்க" என்று குழாயடியில் பெருமை அடிப்பார். உண்மைதான். திரும்பிப் பார்ப்பார்கள். சிரிக்கவும் செய்வார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் பேசியது பாசார் மலாய். சந்தையில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசித் தேய்த்து வைத்திருந்த மொழி. அதற்கு இலக்கணம் ஒன்றும் பெரிதாக வேண்டாம். 'காசி' என்று ஒரு சொல் போதும். சுத்தம் என்பதற்கு பெர்சே. சுத்தம் பண்ணு என்றால் காசி பெர்சே. வெளிச்சம் என்பதற்கு தெராங். வெளிச்சம் போடு என்றால் காசி தெராங். அவ்வளவுதான். இந்தச் சாவி ஒன்றை வைத்துக்கொண்டு கிள்ளான் முழுவதையும் திறந்துவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

பள்ளிக்கூடத்தின் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. காலணிக்குப் பூசிய வெள்ளைச் சுண்ணம் வெயிலில் காய்கிற வாசனை, சிற்றுண்டிச்சாலையில் மீ என்னும் நூடுல்ஸ் பிரட்டுகிற வாசனை, கேள்வித்தாள் அச்சடிக்கும் கைமெஷினிலிருந்து வரும் மைவாசனை. வகுப்பில் பாதிப் பேர் சீனப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியிலிருந்து. மலாய் கற்றுக்கொடுத்தவர் ஓர் உயரமான அம்மா. ஆசிரியரைச் 'சிக்கு' என்று கூப்பிட வேண்டும். தமிழில் சிக்கு என்றால் தலைமுடியில் விழுவது. முதல் வாரம் தமிழ்ப் பிள்ளைகள் யாரும் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாக்கடைக்குள் புகுந்த பாம்பைப் பற்றிப் பள்ளித் தோட்டக்காரரிடம் நான் மலாயில் கதையளந்துகொண்டிருந்ததைச் சிக்கு கேட்டுவிட்டார். வகுப்புக்கு வந்ததும் என்னை எழுப்பி நிறுத்தி எல்லோரிடமும் காட்டினார். இவனைப் பாருங்கள், எவ்வளவு தைரியமாகப் பேசுகிறான். அப்புறம் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். நீயும் இருக்கிறாயே, வாயில் என்ன வைத்திருக்கிறாய்?

அந்தப் பெண் கிள்ளானில் ஒரு தையல்கடைக்காரரின் மகள். பள்ளிச் சட்டையின் கழுத்துப்பட்டை மட்டும் எங்கள் எல்லோருடையதையும்விட நேர்த்தியாக இருக்கும். மலாயில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கேள்வி கேட்டால் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். மந்தம் என்று நாங்களும் முடிவு செய்துகொண்டோம். நான் முதல் வரிசை, அவள் கடைசி வரிசை. இரண்டுமே தப்பான இடம் என்று தெரிவதற்கு ஆறு மாதம் ஆனது.

முதல் தேர்வு வந்தது. தாளில் ஒரு படம். ஆற்றோரம் ஒரு கம்பம். நான்கு வீடு, ஒரு படகு, வலை உலர்த்துகிற ஆள், மேலே சூரியன். கைமெஷினில் மை தீர்ந்துபோகும் நேரத்தில் ஓடிய தாள்தான் எனக்கு வந்தது. கோடுகள் இருக்கின்றனவா இல்லையா என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். படத்துக்கு மேலே ஒரு வரி. 'தெராங்கான் காம்பார் டி பாவா இனி.'

காம்பார் என்றால் படம். டி பாவா இனி, இதோ கீழே. தெராங் என்றால் வெளிச்சம். வால் போல ஒட்டியிருக்கும் 'கான்' நம்முடைய 'காசி' மாதிரிதான் என்று சிக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே கீழே உள்ள படத்தை வெளிச்சமாக்கு. நியாயம்தானே! படம் மங்கலாகத்தானே இருக்கிறது!

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எந்த வேலையும் செய்ததில்லை. மங்கிய கோடு ஒவ்வொன்றையும் பென்சிலால் ஏற்றினேன். வலையின் கண்ணிகளைக்கூட எண்ணி எண்ணி ஏற்றினேன். பக்கத்துச் சீனப் பையனிடம் மஞ்சள் பென்சிலை வாங்கிச் சூரியனுக்குப் பூசினேன். அதோடு விட்டேனா? நான்கு வீட்டு ஜன்னல்களுக்கும் மஞ்சள். ஆற்றில் விழுகிற வெயிலுக்கும் கொஞ்சம் மஞ்சள். சுற்றிலும் எல்லோரும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு நல்ல தாளாகக் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, இரண்டாம் கேள்விக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாள் திரும்பி வந்த நாளன்று சிக்கு என் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"கெனாப்பா காமு புவாட் பெகினி?" ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். "சிக்கு சுரு தெராங்கான். சாயா சூடா காசி தெராங்." வெளிச்சம் போடச் சொன்னீர்கள், போட்டுவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. சீனப் பையன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிக்குவின் பக்கத்தில் நின்று இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். பாம்புக் கதையை மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தவன், 'விவரித்து எழுது' என்ற சொல் தெரியாதவனாக எப்படி இருக்க முடியும்? பேசத் தெரிந்தவனுக்கு எழுதியதும் புரியும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆகவே இவன் என்னைக் கேலி செய்கிறான். அவர் கணக்கு அப்படித்தான் போனது. விடை எழுத விட்ட கோடுகள் எல்லாம் காலியாக இருக்க, மேலே ஒரு மஞ்சள் சூரியன் மட்டும் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்பா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோட்டத்தில் மரத்துக்கு மரம் குரல் கொடுத்துப் பேசுகிறவர், அந்த அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. புத்தகத்தில் இருக்கிற மாதிரி நீள நீளமான வாக்கியங்களில் பொறுமையாகப் பேசினார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "யா துவான், யா துவான்", ஆமாம் ஐயா, ஆமாம் ஐயா என்று தலையாட்டினார். அந்த நீளத்துக்குள் அப்பாவுக்கும் எனக்கும் பிடிபட்டது ஒரே ஒரு சொல். 'லெமா'. பாசாரில் லெமா என்றால் தெம்பில்லாதவன், சோகை பிடித்தவன்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது அப்பா என் தோளைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒனக்கு ஒடம்பு லெமாவாம்டா. பெத்தவன் எனக்குத் தெரியல, பெரிய வாத்தியாரு பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டாரு. படிச்சவங்க படிச்சவங்கதான்."

மறுநாள் என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "பையன் நல்லாத்தானே இருக்கான்?" என்றார்.

"அதெல்லாம் மேலுக்குப் பாத்தாத் தெரியாதுங்க டிரசரே. உள்லெமா."

டிரசர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் பசியாறும்போது இரண்டு அரைவேக்காட்டு முட்டை. அம்மா அவித்துக் கொடுத்தாலும் அப்பாதான் உடைத்து ஊற்றுவார். மிளகுத்தூளைத் தூவிக் குவளையை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, தொண்டை அசைகிறதா என்று பார்ப்பார்.

"தேறிடுவானா?" என்று அம்மா கேட்பார். அம்மா கேட்டது தேர்வை.

"தேறாம என்ன? கன்னத்துல பாரு, சதை வச்சிருச்சு" என்பார் அப்பா. "அப்படியும் தேறலேன்னா லோரிக்குப் போவட்டும். ஒரு வருசம் பீப்பா தூக்குனா ஒடம்பு இரும்பாயிடும்."

எந்த லோரியிலிருந்து தப்பிக்க நான் முட்டை குடித்தேனோ அந்த லோரிதான் அப்பாவுக்கு மருந்தாகவும் தெரிந்தது. என்ன சொல்வது?

இரண்டாம் தேர்விலும் தோற்றேன். இப்போது கேள்வித்தாளை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுப் படித்தேன். தெரிந்த சொல்லை நம்ப முடியவில்லை. 'தெராங்' என்பதே வெளிச்சம் இல்லையென்றால், 'நாசி' சோறுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கும் மக்சிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மக்சிக் என்று வயதான மலாய்ப் பெண்களைக் கூப்பிடுவோம். தையல்கடைக்காரர் மகள் காசைக் கையில் இறுக்கிக்கொண்டு கடைக்கு முன்னால் நின்றாள். மூன்று தடவை வாயைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அடாக்கா மக்சிக் மெம்புன்யாய் பீசாங் கோரெங்?"

எண்ணெயில் கரண்டி விட்டுக்கொண்டிருந்த மக்சிக் அப்படியே நின்றுவிட்டார். அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றுமில்லை. அதுதான் கோளாறு. 'அம்மையீர், தங்களிடம் வறுத்த வாழைக்கனி உளதோ?' என்று நம் ரோட்டோரக் கடையில் போய்த் தமிழில் கேட்ட மாதிரி. மக்சிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்பான சிரிப்புத்தான். ஆனால் அந்தப் பெண் ஓடப் பார்த்தாள்.

நான் குறுக்கே நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த மலாய் ஒனக்கு எப்படித் தெரியும்? இது சிக்கு பேசுற மலாயாச்சே!"

"பேப்பர்ல படிச்சது" என்றாள். "அப்பா கட்டிங் போட மலாய் பேப்பர்தான் வாங்குவாரு. கை அளவு, கழுத்து அளவு எல்லாம் அதுலதான் வெட்டி வைப்பாரு. நான் ஒக்காந்து படிப்பேன்."

மறுநாள் கொண்டுவந்து காட்டினாள். சட்டைக் கையின் வடிவத்தில் வெட்டிய செய்தித்தாள். ஒரு செய்தி அக்குளில் தொடங்கி மணிக்கட்டில் பாதியில் நின்றது. மீதி, கழுத்துப்பட்டையில் இருக்கும். தேடி எடுத்து ஒட்டிப் படிப்பாளாம். இப்படிப் படித்தவளைத்தான் நாங்கள் மந்தம் என்று கடைசி வரிசையில் வைத்திருந்தோம்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன். "தெராங்கான்னா என்னா?"

"அதுவா? வெளக்கு."

"எந்த வெளக்கு?"

"ஐயோ, வெளக்குன்னா வெளக்குடா!"

நான் அண்ணாந்து தெருவிளக்கைப் பார்த்தேன். அவள் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். "அந்த வெளக்கு இல்லலா! தமிழ்ஸ்கூல்ல கேப்பாங்களே, 'விளக்குக'ன்னு. அந்த வெளக்கு!"

பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

விளக்குக. தமிழ்ப்பள்ளியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! ஒரு தடவைகூட அதற்குள் ஒரு விளக்கு எரிவதை நான் பார்த்ததில்லையே! யாரும் தேர்வுக்கு அகல்விளக்கு கொண்டுபோனதில்லையே! இருட்டில் இருக்கிற ஒரு விஷயத்துக்குப் பக்கத்தில் விளக்கைக் கொண்டுபோய் வைத்தால் அது தெரியும். விளக்குவது என்றால் அதுதான். கடலுக்கு இந்தப் பக்கம் மலாய்க்காரர்களும் அதே மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளாமலே, இரண்டு மொழியும் ஒரே இடத்துக்குப் போய் ஒரே வெளிச்சத்தை எடுத்து வந்திருக்கின்றன. எனக்கு மயிர்க்கால் எல்லாம் நின்றது. இன்றைக்கு எழுதும்போதும் நிற்கிறது.

மறுநாள் காலையில் அம்மா குழாயடியிலிருந்து கத்தினார். "பல்ல வெளக்கிட்டு இந்தக் குண்டான வெளக்கிப் போடுடா!" நான் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரி போகத் தேய்த்தால் அடியில் இருக்கிற பளபளப்பு வெளியே வருகிறது. அதுவும் விளக்குதான்! அம்மா மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது. "மவனுக்கு மூளையிலயும் லெமாவா?" என்றார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு எப்போதாவது ஓர் அரசாங்க வேன் வரும். பந்துத்திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள், ஒலிபெருக்கியில் செய்தி சொல்லுவார்கள். வேனின் பக்கவாட்டில் 'பெனெராங்கான்' என்று எழுதியிருக்கும். அவர்கள் பெரிய பெரிய பல்பு கொண்டுவருவதால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். அது தகவல் சொல்கிற இலாகா. தெராங், தெராங்கான், பெனெராங்கான். ஒரு சின்னச் சொல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டிக்கொண்டு எங்கெல்லாம் போகிறது! எனக்குத் தெரிந்த மலாய் வெறும் கீழ்வீடு. அதற்கு மேலே இவ்வளவு பெரிய மாடி இருக்கிறது, படிக்கட்டும் இருக்கிறது. இத்தனை நாள் படிக்கட்டுக்கு அடியில் பந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தையல்கடைக்காரர் மகளும் நானும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். நான் அவளுக்குப் பேச்சு, அவள் எனக்குக் கேள்வி. நான் அவளை மக்சிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், "மக்சிக், பீசாங் காசி லீமா" என்று மட்டும் சொல்லச் சொல்வேன். ஐந்து பழம் கொடு, அவ்வளவுதான். "மரியாதையா இல்லையே" என்பாள். "பழம் வேணுமா, மரியாதை வேணுமா?" என்பேன். அவள் பழைய நோட்டுப்புத்தகத்தில் கேள்விச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதுவாள். பக்கத்தில் அது என்ன வேலை கேட்கிறது என்று தமிழில் எழுதுவோம். 'ஞாத்தாகான்': ஒரே வரியில் சொல்லிவிட்டு ஓடு. 'பண்டிங்கான்': இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார். 'ஹுராய்கான்' என்பதற்கு அவள் யோசித்து, "தையலப் பிரிக்கிற மாரி. ஒவ்வொரு நூலா எடுத்துக் காட்டணும்" என்றாள். அதுவும் நம்முடைய 'உரை'யும் ஒன்றாக இருக்குமோ என்று நான் கேட்டேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரு கழுத்துப்பட்டைச் செய்தியில்தான் 'லெமா' அகப்பட்டது. நாட்டின் பொருளாதாரம் லெமா என்று போட்டிருந்தது. "பலவீனம்னு அர்த்தம். பாடத்துலயும் சொல்லுவாங்க, பாஷையில லெமா, கணக்குல லெமா" என்றாள். நான் முட்டைக் கதையைச் சொன்னேன். "பொருளாதாரத்துக்கு யாரு முட்டை ஒடச்சு ஊத்துவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒங்க அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். நான் சொல்லவில்லை. அப்பா செய்த பிழையும் நான் செய்த பிழையும் ஒன்றுதானே? வீட்டில் தெரிந்த சொல் பள்ளிக்கூடத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் அடையாளம் தெரியவில்லை.

ஆனால் சிக்குவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். ஒரு மத்தியானம் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றோம். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். நான் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னேன். 'காசி' இல்லாமல் நான் பேசிய முதல் மலாய் அது. சிக்கு, உங்களைக் கேலி செய்யவில்லை. அந்தச் சொல்லுக்குள் வெளிச்சம் இருந்தது. தாள் மங்கலாக இருந்தது. அதனால் வெளிச்சம் போட்டேன். எங்கள் மொழியிலும் இந்தச் சொல்லுக்குள் விளக்கு இருக்கிறது.

சிக்கு என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "தெராங்" என்றார் மெதுவாக. கொஞ்சம் விட்டு, "கான்" என்றார். தன் வீட்டுச் சுவரில் இத்தனை நாள் பார்க்காத ஒரு கதவைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி அவருக்கு. மன்னிப்புக் கேட்கவில்லை. "உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, "வி-லா-கு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. தாளைக் கொடுத்ததும் யாரும் எழுதக் கூடாது. இந்தக் கேள்வி என்ன வேலை கேட்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் உங்கள் மொழியில் முதலில் சொல்லுங்கள் என்றார். வகுப்பு முழுக்கத் தமிழும் சீனப் பிள்ளைகளின் ஹொக்கியனும் சலசலக்கும். சிக்குவுக்கு இரண்டுமே புரியாது. மேசை மேசையாக நடந்துகொண்டே எங்கள் முகங்களைப் படிப்பார். புரிந்த முகம் எது, புரியாத முகம் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மற்ற வகுப்புகளில் தமிழ் பேசினால் வெளியே நிற்க வேண்டியிருந்த காலம் அது. தையல்கடைக்காரர் மகளை எழுப்பி அவள் கட்டுரையைப் படிக்கச் சொன்னார். குரல் நடுங்க நடுங்கப் படித்தாள். சீனப் பையன் மேசையைத் தட்டவில்லை.

ஆண்டு இறுதித் தேர்வு மூன்று நாள் நடந்தது. என்ன எழுதினேன் என்று முழுவதும் நினைவில்லை. ஒவ்வொரு கேள்வியின் முன்னாலும் கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நீ என்ன கேட்கிறாய் என்று அதனிடமே கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

முடிவு ஒட்டிய நாளன்று அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு கிள்ளானுக்கு வந்தார். என்னுடைய பழைய காற்சட்டை ஒன்றும் ஒரு பனியனும் அவர் பையில் இருந்தன. தேறாவிட்டால் அன்றைக்கே தவுக்கேயிடம் விட்டுவிடலாம் என்று எடுத்து வந்திருந்தார். அலுவலகச் சுவரில் பட்டியல். பெயருக்கு நேரே ஒவ்வொரு சொல். அப்பாவுக்கு மலாய் எழுத்து வராது. என் பெயர் எங்கே என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார். கடைசியிலிருந்து நான்காவது. முதல் பெயர் தையல்கடைக்காரர் மகளுடையது.

"நேரா என்னா எழுதிருக்கு?"

"லூலூஸ்."

"அப்டின்னா?"

"தேறிட்டேன்பா."

அப்பா என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. விரலை எடுக்காமலே, அந்தப் பக்கம் வந்த சிக்குவை நிறுத்தி, "சிக்கு, இனி அப்பா?" என்று கேட்டார். இது என்ன? சிக்கு சுவருக்குப் பக்கத்தில் வந்து அப்பாவின் விரலைப் பார்த்தார். "லூலூஸ், பாக்சிக்" என்றார், பெரியவரே என்கிற மரியாதையோடு. பிறகு, நீளமாக ஒன்றும் சொல்லாமல், பாசாரில் பேசுகிற மாதிரியே சொன்னார். "பூலே மாசோக் திங்காத்தான் சத்து." படிவம் ஒன்றுக்குப் போகலாம்.

அப்பா தலையை ஆட்டினார். பையின் வாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். விடுவிடுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போனார். லோரி நிற்கிற இடத்துக்குத்தான் போகிறார் என்று தெரிந்ததும் அவர் கக்கத்துப் பையையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

தவுக்கே சிங்லெட் பனியனோடு முக்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைகாட்டி ஏறு என்றார். லோரியின் பின்பலகை திறந்திருந்தது.

"புடா தாமாவ் மாரி" என்றார் அப்பா. பையன் வர மாட்டான். "டியா செகோலா." அவனுக்குப் பள்ளிக்கூடம்.

தவுக்கே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படியானால் பீப்பாயை யார் தூக்குவது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபமும் இருந்தது, நியாயமும் இருந்தது.

அப்பா அந்த வருஷம் முழுவதும் கிள்ளானில் பேசாத சத்தத்தில், தோட்டத்தில் மரத்துக்கு மரம் கூப்பிடுகிற குரலில், தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

"லு சாரி லாயின் ஓராங் லா, தவுக்கே!"

வேற ஆளப் பாத்துக்க.